மரத்துக்கு உணவு கொடுக்காதீர்கள்

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் கதிரவன். நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது மேற்பார்வையாளனாக இருக்கிறான். படத்தில் ஒரு மஞ்சள் அறிவிப்புப் பலகை. வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் குரங்கின் உருவம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நான்கிலும் ஒரே வாசகம்: மரத்துக்கு உணவு கொடுக்காதீர்கள்.

பின்னாலேயே அவன் குரல் வந்தது. "அண்ணே, இது என்னாண்ணே கோமாளித்தனமா இருக்கு? மரத்துக்கு எவன் சோறு போடப் போறான்? டூரிஸ்ட்டுங்க எல்லாம் நின்னு போட்டோ புடிக்கிறாங்க. புது மேனேஜர் எடுக்கச் சொல்றாரு. கழட்டிறவா?"

"கை வைக்காதே" என்று மட்டும் பதில் அனுப்பினேன். ஏன் என்று கேட்டான். கட்டைவிரலால் தட்டித் தட்டி அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் என் மிச்ச ஆயுள் அதிலேயே போய்விடும். அதனால் பேனா எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கதிரவா, முழுதும் படித்துவிட்டு உன் மேனேஜருக்கும் படித்துச் சொல்.

என் பெயர் சவரிமுத்து. ஜார்ஜ்டவுனில் சாலையோர மரங்களைப் பராமரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். புல் வெட்டத்தான் சேர்ந்தேன். பிறகு ரம்பத்தோடு மரம் ஏறினேன். ஒருநாள் செவ்வெறும்புக் கூடு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கீழே விழுந்தேன். எழுந்து நடக்க முடிந்தபோது, தரையில் நின்று மரத்தைச் சோதிக்கும் பிரிவுக்கு என்னை மாற்றியிருந்தார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அந்தப் பிரிவின் தலைவி மிஸ் லிம். மரங்களைப் பற்றி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். சின்ன உருவம், எப்போதும் தொப்பி, ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. எங்களிடம் மலாயில்தான் பேசுவார். ரப்பர் சுத்தியலால் மரத்தைத் தட்டும் முன் "எக்ஸ்கியூஸ் மீ" என்பார். மரத்திடம்தான். முதல் தடவை என்னிடம் சொல்கிறார் என்று நினைத்து விலகி நின்றேன்.

அவர் ஒரு மரத்தைப் பார்க்கும் முறையே தனி. முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் ஒரு சுற்று வருவார். அடுத்த சுற்றில் உச்சியை மட்டும் பார்ப்பார். நுனியில் மொட்டைக் குச்சிகள் தெரிந்தால் உச்சுக்கொட்டுவார். பிறகு இடுப்பு உயரத்தில் சுற்றிச் சுற்றித் தட்டிக் காதால் கேட்பார். உள்ளே கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், பொந்தாக இருந்தால் காலி டிரம் சத்தம். அதன் பிறகு இரும்புக் கம்பியை மண்ணில் குத்துவார். கடைசியாக, நீளமான திருகாணிபோல் ஒன்றை மண்ணில் இறக்கி ஒரு பிடி மண் எடுத்து, கண்ணை மூடி மோந்து பார்ப்பார். அப்படியே அந்த மண்ணை என் மூக்குக்கு நேரே நீட்டி, "சவரி, என்ன வாசம்?" என்பார்.

"மண் வாசம் மிஸ்."

"இன்னொரு தடவை."

முதல் வருடம் முழுக்க எனக்கு எல்லா மண்ணும் மண்ணாகத்தான் மணத்தது. என் மனைவியோ வீட்டுக்கு வந்ததும் மூக்கைத் துடைக்கச் சொல்லிக் கத்துவாள்.

மரம் சாப்பிடுவதையும் மூச்சு விடுவதையும் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அரைகுறையாகப் படித்ததுதான் வில்லங்கம். புக்கிட் மெர்தாஜாமில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் பக்கத்து வீட்டு மாமரத்தின் மேல் புகார் கொடுத்தார். அது ராத்திரியில் அவருடைய ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்கிறதாம். காலையில் எழுந்தால் தலை கிறுகிறுக்கிறதாம். பேரப்பிள்ளையின் அறிவியல் புத்தகத்தைப் பக்கம் மடித்துத் தயாராக வைத்திருந்தார்.

மிஸ் லிம் அதைப் பொறுமையாகப் படித்தார். "மரம் ராத்திரியில மூச்சு விடுறது உண்மைதான். பகல்லயும் விடும், நம்மள மாதிரியே. உங்க அறையில வேற யாரு தூங்குறாங்க?"

"என் வைஃப்."

"அப்படின்னா அந்த மரத்தைவிட அவங்கதான் உங்க ஆக்ஸிஜனை அதிகமா எடுத்துக்கிறாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். மனிதர் யோசித்துத் தலையாட்டினார். அடுத்த வாரம் அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கணவர் இந்த அம்மாவின் கட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டுவிட்டாராம். மிஸ் லிம் முகம் வெளிறிப்போய், என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு நாங்கள் எந்த மரத்தையும் தொடவில்லை. கட்டிலைத் திரும்ப அறைக்குள் போட்டுவிட்டு வந்தோம்.

இனி அந்தப் பலகையின் கதைக்கு வருகிறேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் ஒரு பக்கம் சூலமும் அரிவாளுமாக முனியாண்டி. மறுபக்கம் சிவப்புக் கூண்டுக்குள் சீனர்கள் கும்பிடும் டத்தோ கோங். நடுவில் பாக்கியம் அக்காவின் தேநீர்க் கடை. அக்கா கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை. கடையும் முனியாண்டியும் மரமும்தான் அவருக்கு எல்லாம். விடிந்ததும் முனியாண்டிக்கு விளக்கு, மரத்துக்கு ஒரு சொம்பு பால், அதன் பிறகுதான் முதல் தே.

அந்த மரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. ஒரு கிளை முறிந்து கார் மேல் விழுந்ததும் நிலத்துக்காரர் விழித்துக்கொண்டார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மரம் தேறாவிட்டால் வெட்டிவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் போடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். மரம் போனால் கடை போகும், சாமி போகும், அக்கா எங்கே போவார் என்று யாருக்கும் தெரியாது. தேறுமா தேறாதா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் மிஸ் லிம்.

நாங்கள் போனபோது முதலில் என் கண்ணில் பட்டது மரம் இல்லை, டைல்ஸ். அடிமரத்தைச் சுற்றி ஒரு பேட்மின்டன் கோர்ட் அளவுக்கு நீலப் பூப்போட்ட குளியலறை டைல்ஸ் பளபளத்தது. சிம்பாங் அம்பாட்டில் லோரி கம்பெனி வைத்திருக்கும் நாகா என்பவரின் நேர்த்திக்கடன். பளிங்குக் கல்லில் அவர் பெயர் என் உள்ளங்கையைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. அதோடு விட்டாரா? ஊற்றும் பால் டைல்ஸ் மேல் ஓடி வீணாகக் கூடாது என்று, வேருக்கே நேராகப் போகும்படி தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இறக்கி, அதன் மேல் எவர்சில்வர் புனல் வைத்திருந்தார். பக்தர்கள் அதற்கு 'மரத்தோட வாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வாய்க்குள் போகாதது இல்லை. காலையில் அக்காவின் பால். பிறகு இளநீர், பன்னீர், தேன். முனியாண்டிக்குக் கறுப்பு பீர். டத்தோவுக்கு வைத்த கோப்பி ஓ, அதாவது பாலில்லாத கடுங்காப்பி, ஆறியதும் அதுவும் அங்கேதான். மரம் வாட வாட ஜனங்களுக்குப் பரிதாபம் கூடியது, ஊற்றுவதும் கூடியது. மெலிந்த பிள்ளைக்குப் போட்டு ஊட்டுவதுபோல ஊட்டினார்கள்.

மிஸ் லிம் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லித் தட்டினார், கம்பியால் குத்தினார், அடிமரத்தை ஒட்டி டைல்ஸ் போடாமல் விட்ட இடுக்கில் திருகாணியை இறக்கி மண் எடுத்தார். என் மூக்குக்கு நீட்டினார். இந்தத் தடவை நான் பாஸ். கெட்டுப்போன பாலும் அழுகிய முட்டையும் சேர்ந்த நாற்றம்.

"மூச்சு விட முடியல," என்றார் மிஸ் லிம்.

"எனக்கும்தான் மிஸ்."

"மரத்தைச் சொல்றேன்."

வண்டியில் ஏறும்போது விளக்கினார். மரத்துக்கு யாரும் ஊட்ட வேண்டியதில்லை. வெயிலையும் காற்றையும் வைத்து இலையே சமைத்துக்கொள்ளும். வேர் தண்ணீரும் உப்புச்சத்தும் எடுத்துக் கொடுக்கும். அந்த வேலைக்கு வேர் மூச்சு விட வேண்டும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றுதான் அதன் மூச்சு. மேலே டைல்ஸ் போட்டு மூடியாயிற்று. உள்ளே போன பாலைத் தின்னும் கிருமிகள், இருந்த கொஞ்சக் காற்றையும் எடுத்துக்கொள்கின்றன.

நான் அடுத்த நாள் அக்காவின் கடையில் தே குடித்துக்கொண்டே, "மரத்துக்கு மூச்சுத் திணறல்" என்று சொல்லிவைத்தேன். நாலு பேர் காதில் விழுந்தது. அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

மறுநாள் ஒருவர் காலமான தன் அப்பாவுடைய ஆக்ஸிஜன் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அக்கா கடையின் மின்சாரத்தில் மாட்டி, மூக்கில் செருகும் குழாயை ஒரு வேரில் நாடாவால் ஒட்டியிருந்தார். அது உஸ் உஸ் என்று இரைந்துகொண்டிருந்தது. மரம் சீரியஸ் என்று வாட்ஸ்அப்பில் செய்தி போய், ஆஸ்பத்திரிக்குப் போவதுபோல ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஜனங்கள் பார்க்க வந்தார்கள். ஒரு அம்மா என்னிடம் ரகசியமாக, "எந்த வார்டு... சே, எந்த டாக்டர் பாக்குறாரு?" என்று கேட்டார். நான் மிஸ் லிம்மைக் காட்டினேன். ஆப்பிளையெல்லாம் நறுக்கி வாய்க்குள் போட்டார்கள்.

மிஸ் லிம் அந்த ஆக்ஸிஜன் இயந்திரத்தை நிறுத்தினார். "சவரி, ஒரு போர்டு வைங்க. உணவு கொடுக்கக் கூடாதுன்னு," என்றார்.

அச்சுக் கடைக்காரர் பூங்காக்களுக்குக் குரங்குப் பலகை அடித்துக் கொடுப்பவர். வாசகத்தை மாற்றியவர் படத்தை மாற்ற மறந்துவிட்டார். திருப்பிக் கொடுத்தால் இன்னும் நாளாகும், அதற்குள் மரம் இன்னும் என்னென்ன தின்னுமோ என்று அப்படியே மாட்டினேன். மறுநாள் அதற்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். குரங்குக்கு இரண்டு வாழைப்பழம்.

பலகை வைத்தது சுலபம். டைல்ஸைப் பெயர்க்க நாகா சம்மதிக்க வேண்டும். முனியாண்டி கோயில் கமிட்டியின் கூட்டம் அக்கா கடையிலேயே நடந்தது. நாகாவுக்கு வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு மொத்தத்துக்குச் சங்கிலி. வந்து உட்கார்ந்ததும் என்னைத்தான் பிடித்தார்.

"அண்ணே, நீங்க வேதக்காரரு. உங்களுக்கு முனியாண்டியப் பத்தி என்னா தெரியும்? என் லோரி மலையில உருண்டப்ப என்னைக் காப்பாத்துன சாமி. அதுக்கு நான் போட்ட டைல்ஸ். ஒடைக்கணும்னா முதல்ல என்னை ஒடைங்க."

"நாகா, டைல்ஸு சாமிக்கு இல்ல, மரத்துக்குத்தான் தொந்தரவு," என்றேன்.

"மரத்துக்கு மூக்கு இருக்கா? காட்டுங்க பாப்போம்."

கமிட்டியே சிரித்தது. மிஸ் லிம் சிரிக்கவில்லை. அக்காவிடம் எல்லோருக்கும் தே சொன்னார். தே வந்ததும், "எல்லாரும் மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குடிங்க. நிறுத்தாம. முடிஞ்சா இன்னொரு கிளாஸ் வரும்," என்றார்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் சொல்லும் விதம் அப்படி. கமிட்டித் தலைவர், செயலாளர், டத்தோ கோங் பக்கத்து மெக்கானிக் ஆ செங், நான், எல்லோரும் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மடக் மடக்கென்று குடித்தோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒவ்வொருவராக விட்டுவிட்டோம். நாகா மட்டும் விடவில்லை. அவர் தானம் கொடுத்தவர், தோற்கக் கூடாது. இரண்டாவது கிளாஸுக்குக் கை நீட்டினார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, கழுத்துச் சங்கிலி ஏறி ஏறி இறங்கியது. கடைசியில் பெரிய சத்தத்தோடு புரையேறி, தே முழுக்க வெள்ளைச் சட்டை மேல் வந்தது.

மிஸ் லிம் அவரிடம் துண்டை நீட்டினார். "தே நல்லாத்தான் இருந்துச்சு, இல்லையா? ஆனா மூக்கைத் திறந்தாத்தான் குடிக்க முடியும். அந்த மரத்துக்கும் அதேதான் லா."

நாகா இருமிக்கொண்டே மரத்தைப் பார்த்தார், டைல்ஸைப் பார்த்தார். மூச்சுத் திரும்ப வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அப்ப அதுக்குக் காத்துதான் வேணுமா? எவ்ளோ காத்து வேணும்? நான் குடுக்கறேன்."

டைல்ஸைப் பெயர்த்த அன்று நாற்றம் தெருமுனை வரை போனது. நீல டைல்ஸுக்குக் கீழே பழைய சிமெண்ட், அதற்குக் கீழே இன்னும் பழைய சிவப்பு டைல்ஸ். ஆளாளுக்குச் செலுத்திய நன்றிக்கடன்கள், அடுக்கடுக்காக மரத்தின் மேல். வேர்கள் கறுத்து, தோல் உரிந்து, தொட்டால் கையோடு வந்தன. குழாய் இறங்கிய இடத்தில்தான் மோசம். அங்கே வேரே இல்லை, சாம்பல் நிறக் கூழ்.

பாக்கியம் அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்து அதைப் பார்த்தார். அவர் கேட்கப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அக்கா நேராக மிஸ் லிம்மிடம், மலாயில் கேட்டார்.

"மிஸ், நான் ஊத்துன பாலா?"

மிஸ் லிம் தொப்பியைக் கழற்றினார். "ஆமா, அக்கா. பாலும்தான்."

அக்கா அடுப்பை அணைத்தார், கடையைச் சாத்தினார், போய்விட்டார். நட்ட நடுப்பகலில் அந்தக் கடை சாத்தியதை அன்றுதான் பார்த்தேன். மிஸ் லிம் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வண்டியில் அதைக் கேட்டும்விட்டேன்.

"பொய் சொன்னா நாளைக்கு மறுபடி ஊத்துவாங்க, சவரி," என்றார். குரல் உடைந்திருந்தது.

அடுத்த நாள் காற்றுப் பீய்ச்சும் இயந்திரம் வந்தது. அழுத்தக் காற்றால் மண்ணை மட்டும் ஊதித் தள்ளும், வேரில் காயம் படாது. கூழாகிப்போன மண்ணை எடுத்துவிட்டு, அடிமரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல வாய்க்கால்கள் வெட்டி, மட்கிய இலையும் மரச்சீவலும் நிரப்பினோம். நாகா வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் காத்து வைங்கண்ணே, கணக்குப் பாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குழாயை மிஸ் லிம் தூக்கிப் போடவில்லை. கழுவி, பக்கமெல்லாம் துளை போட்டு, புனலைக் கழற்றிவிட்டு வலை மூடி மாட்டி, மறுபடி அதே இடத்தில் நட்டார். மரத்தின் வாய் அன்றிலிருந்து மூக்கானது.

பிறகு செய்ய ஒன்றுமே இல்லை. அதுதான் யாராலும் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றாமல் சும்மா இருக்க வேண்டும். பாக்கியம் அக்கா கடை திறந்தார். குழாய் பக்கத்தில் முக்காலி போட்டு, அடுப்பிலிருந்து கண் எடுக்கும் நேரமெல்லாம் அங்கே உட்கார்ந்தார். பால் சொம்போடு வந்த நாகாவின் அம்மாவையே தடுத்துவிட்டார்.

"நானே ஊத்தல. நீங்க யாரும்மா?"

காலையில் குழாயின் வலையில் விழுந்த சருகை விரலால் ஒவ்வொன்றாக எடுப்பார். மழை பிடித்துக்கொண்ட நாள்களில் குழாய் விளிம்பில் தைலம் தடவியிருந்தது. கேட்டேன். "மூக்கடைச்சுக்கும்ல" என்றார். மிஸ் லிம்மிடம் சொன்னதற்கு, அதனால் கெடுதல் இல்லை, விட்டுவிடு என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் நிலத்துக்காரர் ஆள் அனுப்பினார். நாங்களும் போனோம். மிஸ் லிம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். அடுத்த சுற்றில் மேலே பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். உச்சுக்கொட்டவில்லை. மொட்டைக் கிளைகளின் பாதியில் பச்சை கிளம்பியிருந்தது. பிறகு மண் எடுத்து மோந்து, என்னிடம் நீட்டாமல் அக்காவிடம் நீட்டினார். அக்கா மோந்தார்.

"மண்ணு வாசம்," என்றார். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மிஸ் லிம் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமல் "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாகா புதுக் கல் வைத்தார். கதிரவா, நீ பலகையைத்தான் பார்த்தாய், அதற்குக் கீழே குழாயடியில் குனிந்து பார்க்கவில்லை. 'காற்று உபயம்' என்று போட்டு அவர் பெயர் இருக்கும். எழுத்து முன்னைவிடப் பெரியது.

மிஸ் லிம் ஓய்வுபெற்று மகளோடு வெளியூர் போய்விட்டார். நானும் ஓய்வுபெற்றுவிட்டேன், ஆனால் தினமும் காலையில் அக்கா கடைக்குப் போய்விடுவேன். மரம் தெருவையே மூடி நிற்கிறது. அக்கா சருகெடுத்து முடித்ததும் என் பக்கம் திரும்புவார். ஒரு பெரிய கிளாஸ் தே. பாதிக்கு மேல் பால், அடியில் விரல் மொத்தத்துக்குச் சர்க்கரை போட்ட கெட்டிப்பால். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். "அதுதான் குடிக்க மாட்டேங்குது, நீயாச்சும் குடி தம்பி" என்பார். கூடவே வடை, அதன் பிறகு ரொட்டி, அதன் பிறகு யாரோ சாமிக்கு வைத்துவிட்டுப் போன ஆப்பிள். நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் உச்சுக்கொட்டினார். எனக்கு மிஸ் லிம் ஞாபகம்தான் வந்தது. சர்க்கரை எங்கேயோ போய் நிற்கிறதாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ஆகவே கதிரவா, அந்தப் பலகையைக் கழற்றாதே. மேனேஜரிடம் சொல்லி அதே அச்சுக் கடையில் இன்னொன்று அடித்துக் கொடு, கழுத்தில் மாட்டும் அளவுக்கு. 'மரத்துக்கு' என்பதை மட்டும் எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல். குரங்குப் படம் அப்படியே இருக்கட்டும்.